ராசிபுரம் ஷெட்டுக்குப் போன ஒரு வரி

அன்று அறையில் இருந்தவர்கள்: முதலாளி, அவருடைய மச்சான், கணக்குப் பார்க்கும் அக்கா, ராசிபுரம் தாண்டி முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்த ஒரு விவசாயி, நான். வேறு யாரும் இல்லை. பிற்பாடு ஆளுக்கொரு கதை சொன்னார்கள் என்பதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

நாமக்கல்லில் எங்கள் பிழைப்பு இதுதான். நாலு பக்கமும் அடைத்த கோழி ஷெட்டுகளில் சூட்டைப் பார்த்து ஃபேன்களை ஓட்ட ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பொருத்துவோம். வயர் இழுப்பது மச்சான் வேலை. ஆபீஸில் உட்கார்ந்தபடியே அத்தனை பண்ணைக் கம்ப்யூட்டர்களையும் மேய்ப்பது என் வேலை. எந்தப் பண்ணை, என்ன செய்ய வேண்டும் என்று ஒரே வரியில் அடித்து என்டரைத் தட்டினால் அது அங்கே போய் நடக்கும். வேலை நடந்தால் மஞ்சளில் பதில் வரும். எல்லாம் இருந்தபடியே நலம் என்றால் பச்சை. அந்தக் கம்ப்யூட்டரே கிடைக்கவில்லை என்றால் சிவப்பு.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படித்தவர்கள் இதையெல்லாம் முறையாக எழுதி வைத்து, ஒத்திகை பார்த்துவிட்டு ஓட்டுவார்களாம். நேரடியாக அடிக்கிற வரிக்கு ஒத்திகை கிடையாது, அடித்தால் அடித்ததுதான். பண்ணைப் பெயரில் கை தவறி, ஒருவருக்குப் போகவேண்டியது எல்லோருக்கும் போய்விட்டால் என்ன ஆகும் என்ற பயத்திலேயே எனக்குச் சோறு இறங்காது.

அந்த விவசாயி நாங்கள் பொருத்திய கம்ப்யூட்டருக்குச் சில மாதமாகத் தவணை கட்டவில்லை. முட்டை விலை விழுந்து கிடந்தது. அவகாசம் கேட்டு வந்தவரை முதலாளி சுவரில் இருந்த டிவிக்கு எதிரே உட்கார வைத்தார். அவருடைய ஷெட்டுக்குள் இருக்கும் கேமரா அதில் ஓடிக்கொண்டிருந்தது. சித்திரை மாதம், உச்சி வெயில்.

"பாக்கிக்காக உம்பட ஊட்டு வாசல்ல வந்து நான் நிக்கோணுமா? இங்கிருந்தே வாங்கிக்கறேன்" என்றவர் என் பக்கம் திரும்பி, "டேய், ஃபேனை நிறுத்து. அஞ்சே நிமிசம்" என்றார்.

நான் வரியை அடித்துவிட்டு, அது எந்தப் பண்ணைக்குப் போகும் என்று காட்டச் சொல்லிப் பார்த்தேன். ஒரே பெயர்தான் வந்தது. திரும்பவும் பார்த்தேன்.

"பொண்ணுக்குச் சாதகம் பாக்கற மாதிரியே பாக்கறான் பாரு" என்றார் முதலாளி. மச்சான் சிரித்தார். நான் என்டரைத் தட்டினேன். மஞ்சளில் பதில் வந்தது.

டிவியில் கோழிகள் தீனித் தொட்டியின் மேல் கழுத்தை நீட்டியபடி அப்படியே நின்றன. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதாக முதலாளி கேலி பேசினார். விவசாயி நாற்காலியை விட்டு எழுந்து கைகூப்பினார்.

"ஏனுங்க, என்னைய என்ன வேணும்னாலும் பேசுங்க. அதுகளை உட்ருங்க சாமி."

வீட்டுக்காரியின் சங்கிலியை அடகு வைத்தாவது அந்த வாரத்திலேயே கட்டிவிடுவதாக ஒப்புக்கொள்ளும்வரை முதலாளி அவரை விடவில்லை. பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஃபேனை ஓட்டும் வரியை அனுப்பினேன். சிவப்பு வந்தது. மறுபடி அனுப்பினேன். சிவப்பு.

மச்சானின் சிரிப்பு அப்போதுதான் நின்றது.

"மாமா, மோடத்துக்குத் தனியா வயர் இழுக்கலைங்க. ஃபேன் லைன்லயே சேர்த்துட்டேன்."

ஒரு வயரை மிச்சம் பிடித்த வேலை. ஃபேனுக்குப் போகும் கரண்ட்டை நிறுத்தியதில், அந்த ஷெட்டுக்கு இன்டர்நெட் கொடுக்கும் மோடமும் செத்திருந்தது. இனி நான் அடிக்கிற எந்த வரியும் அந்த ஷெட்டுக்குள் நுழையாது. நாங்கள் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தது உறைந்துபோன படம்.

கையால் ஓட்டும் சுவிட்ச் அங்கே ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. பணம் கட்டாதவர்கள் தாங்களே ஓட்டிக்கொள்ளக்கூடாது என்று அதற்கு நாங்கள்தான் பூட்டுப் போட்டிருந்தோம். சாவி எங்கள் மேஜையில் கிடந்தது. விவசாயி மனைவிக்குப் போன் போட்டுப் பூட்டை உடைக்கச் சொன்னார். தோட்டத்திலிருந்த அந்தம்மா ஷெட்டுக்கு ஓடுகிற இரைப்பு எங்களுக்கே கேட்டது. அப்புறம் கல்லால் இரும்பை அடிக்கிற சத்தம். மச்சான் சாவியை எடுத்துக்கொண்டு விவசாயியையும் பைக்கில் ஏற்றிப் போனார். வண்டி எவ்வளவு பறந்தாலும் முக்கால் மணி நேரப் பாதை அது.

முதலாளி எழவே இல்லை. மற்றப் பண்ணைகளைப் பார் என்றார். பார்த்தேன். ஒன்று விடாமல் பச்சை. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

பெட்டி நசுங்கியதே தவிரத் திறக்கவில்லை. அந்தம்மா கைக்கு எட்டிய ஓரத்தில் ஷெட்டுச் சுவரின் தகரத்தைப் பிய்த்திருக்கிறார். அந்த ஓரத்துக் கோழிகள் மட்டும் பிழைத்தன. மற்றவை கூண்டில் வாயைப் பிளந்தபடி கிடந்ததாகவும், அள்ளும்போது உடம்பு இன்னும் கொதித்ததாகவும் திரும்பி வந்த மச்சான் சொன்னார்.

மறுநாள் கணக்கு அக்கா, அந்தப் பாக்கியை என்ன செய்வது என்று தயங்கிக் கேட்டார். அது அப்படியே நிற்கட்டும் என்றார் முதலாளி. மச்சான் போய்வந்த சர்வீஸ் சார்ஜையும் நசுங்கிய பெட்டியின் விலையையும் அதோடு சேர்க்கச் சொன்னார்.

"கோழி செத்தது வெயில்ல. பொட்டிய நசுக்குனது அவன் பொண்டாட்டி."

அக்கா கூட்டிக் கொடுத்தார். அதை விவசாயிக்குப் போனில் அனுப்பியவன் நான். அவர் இன்னும் தர வேண்டியது ஐம்பதாயிரத்து எழுநூறு ரூபாய்.