பதினொரு நாள் சொல்லாத பெயர்

செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. கொட்டாஞ்சேனை வீட்டில் முகம் மழித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியை எடுத்த மனைவி அதை என்னிடம் நீட்டினாள். மறுமுனையில் யோகம், என்னோடு வேலை செய்த திலகவதியின் தங்கை.

"பெனடிக்ற் அண்ணை, அக்கா விடிய அஞ்சரைக்குப் போயிட்டா."

பாதி மழித்த முகத்தோடு நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

வெள்ளவத்தைக்குப் பஸ்ஸில் போனேன். வழியில் மூன்று இடங்களில் எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். இத்தனை வருடப் போரில் பழகிப்போன விஷயம். ஆனாலும் மூன்றாவது இடத்தில் நான் கடைசி ஆளாகத்தான் இறங்கினேன். அந்த இடத்தில் எனக்கு எப்போதும் அப்படித்தான்.

செத்த வீட்டில் யோகம் என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். சுற்றியிருந்த உறவினர்களிடம், "அக்காவைப் பொலிஸ் பிடிச்சு வைச்சிருக்கேக்க ஓடித்திரிஞ்சு வெளியில எடுத்தவர் இவர்தான்" என்று சொன்னார். ஒரு முதியவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வெளியிடும் நினைவு மலருக்கு நான்தான் எழுதவேண்டும் என்று யோகம் அங்கேயே கேட்டுவிட்டார்.

எழுதுகிறேன். யோகம் சொன்னது உண்மையில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

திலகவதி இயந்திரப் பொறியியலாளர். நான் படவரைஞர். நகரின் வடக்கு ஓரத்தில் இருந்த ஒரு பழைய நீராவி மின்நிலையத்தில் ஒன்றாக வேலை செய்தோம். முப்பது வருடம் எண்ணெய் எரித்துக் களைத்த நிலையம் அது. மூடிவிடுவதாகத்தான் இருந்தது. ஆனால் மழை பொய்த்து மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்றின. போர் நடக்கும் நாட்டில் புதிய நிலையம் கட்ட எவரும் முன்வரவில்லை. கொழும்பு மணிக்கணக்கில் இருட்டில் கிடந்தது. கிழவனைத் திருத்தி எழுப்பி இன்னும் பத்து வருடமாவது ஓட்டுவது என்று முடிவானது. எந்தப் பகுதியை வைத்திருக்கலாம், எதை வெட்டி எறியவேண்டும் என்று சொல்லும் பொறுப்பு திலகவதிக்கு வந்தது.

அவர் முதல்முதலாகக் கொதிகலனுக்குள் இறங்கிய நாள் நினைவிருக்கிறது. உள்ளே போகும் வாய் ஒரு ஆளின் தோள் அகலம்தான். போர்மன் குணபால ஓடிவந்து, "மிஸ், நீங்கள் போகவேண்டாம், நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்" என்று சிங்களத்தில் தடுத்தார். திலகவதிக்குச் சிங்களம் அரைகுறை. சிரித்துக்கொண்டே தலைமுடியை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் திணித்தார், கைவிளக்கை வாங்கினார், கால்களை முதலில் விட்டு உள்ளே வழுக்கிப் போனார். இரண்டு மணித்தியாலம் கழித்துக் கரிக்கட்டையாக வெளியே வந்தார். பல் மட்டும் வெள்ளை. பிரதம பொறியியலாளர் வாயிலிலேயே காத்துக்கொண்டிருந்தார். எத்தனை வருடம் ஓடும் என்று சிங்களத்தில் கேட்டார்.

திலகவதி தமிழில் என்னிடம் சொன்னார்: "முப்பது வருசம் நெருப்புக்குள்ள நிண்ட இரும்பு. அதைக் கேட்டுப்போட்டுச் சொல்லுறன் எண்டு சொல்லுங்கோ."

நான் மொழிபெயர்த்தேன். குணபால வாய்விட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து மிஸ்ஸுக்கு முகம் துடைக்கத் தேங்காயெண்ணெய்ப் போத்தல் கொண்டுவருவது அவர் வேலையாயிற்று.

படங்களால் எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது. நிலையத்தின் பழைய வரைபடங்களைப் பார்த்து நான் அழகாகப் புதுப் பிரதி கீறிக் கொடுத்தேன். அவர் ஒரு நாள் அதைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்து, "இதில இருக்கிற வளைவு உள்ளுக்க இல்லை. எப்பவோ ஆரோ வெட்டி நேராக்கியிருக்கினம். நீங்கள் உள்ளுக்க வந்து பாத்திட்டுக் கீறுங்கோ" என்றார். படவரைஞன் கொதிகலனுக்குள் போவதில்லை என்று நான் கோபமாகச் சொன்னேன். "அப்ப கொதிகலனை இஞ்ச கொண்டுவாறன்" என்றார். மறுநாள் உள்ளே போனேன். அவர் குழாய்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்பார். கருவி வைத்துத் தடிப்பு அளப்பார். வெண்கட்டியால் அடையாளம் போடுவார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு இலக்கங்களைக் குறிப்பேன். பயம் போகவில்லை. ஆனால் அந்தக் கறுப்புக் குகைக்குள் அவருடைய குரல் பக்கத்தில் இருக்கும்வரை அதைத் தாங்க முடிந்தது. மதியச் சாப்பாட்டுக்கு அவர் கொண்டுவரும் இடியப்பத்தில் பாதி எனக்கு, மீன் வைத்த என் மாலு பாண் ஒன்று அவருக்கு. இப்படி நான்கு மாதம்.

இனி அந்த நாள்.

நீராவியை மேலும் சூடேற்றும் குழாய்களில் ஒன்றை வெட்டி எடுத்தோம். ஒரு சாண் நீளத் துண்டு. உள்ளே எவ்வளவு தேய்ந்திருக்கிறது, வெடிப்பு இருக்கிறதா என்று நகருக்குத் தெற்கே ஓர் ஆய்வுகூடத்தில் பார்க்கவேண்டும். அன்று அலுவலக வாகனம் கிடைக்கவில்லை. பஸ்ஸில் போவோம் என்றார். துண்டைத் துணியில் சுற்றித் தன் பைக்குள் வைத்தார். வரைபடச் சுருள் என் கையில். படத்தை வெளியே கொண்டுபோக நிலையம் கொடுத்த அனுமதிச் சீட்டு, சிங்களத்தில் எழுதிக் கையொப்பமும் முத்திரையும் இட்டது, என் சட்டைப்பைக்குள் இருந்தது.

பஸ்ஸில் நெரிசல். கொள்ளுப்பிட்டியில் அவருக்கு இருக்கை கிடைத்தது. நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து, "தாங்கோ, நான் வைச்சிருக்கிறன்" என்று சுருளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். எல்லோரும் செய்வதுதான்.

வெள்ளவத்தைக்குள் நுழையும் இடத்தில் சோதனைச்சாவடி. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. என் அட்டையில் பெனடிக்ற் என்ற பெயரும், பிறந்த இடம் கொழும்பு என்பதும் இருந்தன. இராணுவ இளைஞன் இரண்டு கேள்வி கேட்டான். கொட்டாஞ்சேனைச் சிங்களத்தில் பதில் சொன்னேன். போ என்று கைகாட்டினான். திரும்பிப் பார்த்தபோது பெண்கள் வரிசையில் திலகவதியின் பை கவிழ்க்கப்பட்டிருந்தது. ஒரு பொலிஸ்காரி இரும்புக் குழாயைக் கையில் பிடித்திருந்தாள். இன்னொருவர் ஜீப்பின் முன்பக்கத்தில் சுருளை விரித்தார். மின்நிலையத்தின் படம். திலகவதியின் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம்.

அவர்கள் உரத்துக் கேட்டார்கள். அவர் ஆங்கிலத்திலும் உடைந்த சிங்களத்திலும் விளக்கினார். யாருக்கும் விளங்கவில்லை. நான் பதினைந்து அடி தள்ளி நின்றேன். எனக்கு அவர்கள் மொழி தெரியும். சீட்டு என் சட்டைப்பைக்குள் இருந்தது.

"யாரோடு வந்தாய்?" என்று அதிகாரி கேட்டார்.

திலகவதி நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"தனியம ஆவே" என்றார். தனியாகத்தான் வந்தேன்.

நடத்துனர் ஏறச் சொல்லிக் கத்தினார். ஏறினேன். அவருடைய இருக்கை காலியாக இருந்தது. நான் அதில் உட்காரவில்லை. இறங்கவேண்டிய இடத்திலும் இறங்கவில்லை. கல்கிசைவரை நின்றபடி போனேன். அங்கே கடலைப் பார்த்தேனா, என்ன செய்தேன், எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை செய்தி நிலையத்துக்கு வந்துவிட்டது. பிரதம பொறியியலாளர் என்னைக் கூப்பிட்டு, "நீ கூடப் போனாயல்லவா?" என்று கேட்டார்.

"கோட்டையில் இறங்கிவிட்டேன் சேர். காய்ச்சல். படத்தை மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டேன். சீட்டு தவறுதலாக என்னிடம் தங்கிவிட்டது."

அவர் என்னை நம்பினார். கடிதம் எழுதிச் சீட்டோடு சேர்த்துக் குணபாலவிடம் கொடுத்தார். ஆனால் அதற்குள் திலகவதியை வேறிடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முதல் ஐந்து நிமிடத்தில் காட்டியிருந்தால் அந்தச் சீட்டு அவரை பஸ்ஸில் ஏற்றியிருக்கும். மறுநாள் அது விசாரணைக் கோப்பில் இன்னொரு தாள், அவ்வளவுதான்.

ஓடித்திரிந்தவர் குணபால. நிலையத்து ஆள் ஒருவர் ஓடித்திரிந்தார் என்று கேள்விப்பட்டு, அது நான்தான் என்று யோகம் நினைத்திருக்கவேண்டும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் பொலிஸ் நிலையத்து மர வாங்கில் போய் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் என்னிடம், "தம்பி, நீயும் வாவேன். நான் கொதிகலனைப் பற்றிச் சொன்னால் அவர்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது. படத்தை நீ விளக்கலாம்" என்றார். அம்மாவுக்குச் சுகமில்லை என்றேன். அம்மா நன்றாகத்தான் இருந்தார்.

பதினொரு நாள்.

வெளியே வந்த மறுநாளே திலகவதி வேலைக்கு வந்தார். மெலிந்திருந்தார். எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, "வெட்டின குழாயை மூடிப்போட்டீங்களோ?" என்பதுதான். மூடத் தயாராக இருந்தோம். வெட்டிய துண்டு திரும்பி வரவில்லை. இன்னொரு துண்டு வெட்டும்வரை மூட விடமாட்டேன் என்று வாயிலில் நின்றார். பிறகு என் மேசைக்கு வந்தார்.

"பெனடிக்ற், இன்னொரு படம் கீறவேணும். பழையது அவையளிட்டப் போட்டுது."

"சரி மிஸ்."

அவ்வளவுதான் கதைத்தோம். மீண்டும் உள்ளே போனோம். நான் விளக்கைப் பிடித்தேன். அவர் இடக்கையால் வெண்கட்டி பிடித்து அடையாளம் போட்டார்.

"வலக்கைக்கு என்ன மிஸ்?"

"விழுந்திட்டன். விளக்கைக் கொஞ்சம் மேல பிடியுங்கோ."

அன்று மாலை குணபால எனக்குச் சொன்னார். படத்தின் மூலையில் இருந்த என் முதலெழுத்தைக் காட்டி இது யார், இது யார் என்று அவர்கள் பதினொரு நாளும் கேட்டிருக்கிறார்கள். பழைய படம், எவர் கீறியதோ தெரியாது என்றே திலகவதி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். குணபால இதை ஒரு வேடிக்கைபோலச் சொன்னார். போய்க் கழிவறைக் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

இரண்டாவது துண்டில் வெடிப்புகள் இருந்தன, நூல்போல. அந்தப் பகுதிக் குழாய்கள் முழுவதையும் மாற்றினோம். மாற்றாமல் மூடியிருந்தால் நெருப்பு மூட்டும் நாளில் அங்கே நின்றவர்கள் யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். அந்த நாளில் நானும் அங்கே நின்றேன். அழுத்தமானியின் முள் மெல்ல ஏறியது. திலகவதி கொதிகலன் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். நகரத்துக்கு வெளிச்சம் போனது. எல்லோரும் கைதட்டினார்கள். குணபால அழுதுவிட்டார்.

அதன்பிறகு பல வருடம் பக்கத்துப் பக்கத்து அறைகளில் வேலை செய்தோம். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தீபாவளிக்கு முறுக்கு அனுப்புவார், நத்தார்ப் பண்டிகைக்கு என் வீட்டுக்கு வருவார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடவேண்டும் என்று நினைப்பேன். அவர் வேறு ஏதாவது கதைக்கத் தொடங்கிவிடுவார். தெருவில் எங்கேயாவது ஒரு பெண்ணை நிறுத்தி வைத்திருப்பதைக் கண்டால் நான் அடுத்த ஒழுங்கையால் திரும்பிப் போய்விடுவேன். கனவில் அவர் வரிசையில் நின்று இந்தப் பக்கம் பார்ப்பார். நான் எப்போதும் நிலத்தைப் பார்ப்பேன். கனவில்கூட ஒரு தடவை நிமிர முடிந்ததில்லை.

கடைசியாகப் போன மாதம் பார்த்தேன். நோய் அவரைப் பாதியாக்கியிருந்தது. யோகம் குசினியில் இருந்தார். இனி நேரமில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"மிஸ், அண்டைக்கு அந்தச் சீட்டு என் பொக்கற்றில இருந்தது."

"தெரியும். வைக்கேக்க பாத்தனான்."

"என்னைக் காப்பாத்தத்தானே தனிய வந்தனான் எண்டு சொன்னீங்க?"

அவர் தலையணையில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"இல்லை பெனடிக்ற். உங்களைப் பாத்தன். நீங்கள் நிலத்தைப் பாத்தீங்கள். அப்ப விளங்கிச்சுது, நான் தனியத்தான் வந்திருக்கிறன் எண்டு. உண்மையைத்தான் சொன்னனான்."

அவர் கையை நீட்டி என் முழங்கையைத் தொட்டார்.

"பிறகு உள்ளுக்க வைச்சு உங்கட பேரைக் கேட்டவை. அது வேற. அங்க நான் யோசிச்சுத்தான் சொல்லாமல் விட்டனான். ஒராள் காணும், ரெண்டு பேர் என்னத்துக்கு? வெளியில வந்தா விளக்குப் பிடிக்க ஆள் வேணுமே."

சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. யோகம் தண்ணீரோடு ஓடிவந்தார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இன்று என்னிடம் அவருடையதாக மிஞ்சியிருப்பவை இரண்டு. ஒன்று, அந்த வரிசையிலிருந்து என்னைத் தேடிவந்த பார்வை. அது என்னை விட்டுப் போகாது, போகவும் வேண்டாம். மற்றது, பதினொரு நாள் அடைபட்ட அறையில் ஒரு பெயரைத் தெரிந்திருந்தும் சொல்லாமலிருந்த வாய்.

இதை எழுதி முடித்து மனைவியிடம் வாசிக்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டுத் தாள்களை மடித்து வைத்தாள். பிறகு, "சோதனை இன்னும் நடக்குது. உங்கட பேரைப் போடத்தான் வேணுமா?" என்று கேட்டாள்.

யோகம் இதை வாசிப்பார். செத்த வீட்டில் என்னைக் கும்பிட்ட அந்த முதியவரும் வாசிப்பார். நன்றியைக் குணபாலவுக்குக் கொடுங்கள். அவர் இப்போது வத்தளையில் மகனோடு இருக்கிறார். திலகவதி அன்று அந்த பஸ்ஸில் தனியாக வரவில்லை. அவரோடு நான் வந்தேன். படத்தைக் கீறியவனும் நான்தான்.

— பெனடிக்ற், கொட்டாஞ்சேனை