வசவைப் பற்றி ஒரு சொற்பொழிவு

பொன்னாடை என்றாலே எனக்கு இப்போதும் குமட்டும். பாயசத்தில் ஈ கிடப்பதைப் பாதி குடித்த பிறகு பார்த்தது போல இருக்கும். அதற்குக் காரணம் ஒரு கல்லூரி விழா.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. பனியன் ஊரான எங்கள் ஊரில், ராயபுரத்தில் ஃபிளெக்ஸ் பேனரும் அழைப்பிதழும் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் போவது நின்றுவிட்டது, படிப்பது நிற்கவில்லை. ஆனால் புத்தகத்தை விட மனுசர் பேச்சுதான் எனக்கு ருசி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிற அம்மா ஒருத்தர், மருமகன் எப்படி என்று கேட்டதற்கு, "அவருக்குங்களா? வேலைன்னு சொன்னாத்தான் ஒடம்புல எத்தன எலும்பு இருக்குதுன்னே ஞாபகம் வருமுங்க" என்றார். அன்றைக்குச் சாயங்காலம் வரை அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பைத்தியத்தால்தான் டீச்சர் பழக்கமானார். திருநெல்வேலிப் பக்கம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தம்பி குடும்பம் எங்கள் ஊர் நல்லூரில் தையல் வேலையில் இருந்தது, அங்கே வரும்போதெல்லாம் கடைக்கும் வருவார். பெண்கள் வைகிற வசவுகளையும் பிள்ளைகளைக் கொஞ்சுகிற சொற்களையும் ஊர் ஊராகப் போய்க் கேட்டுச் சேர்த்தவர். அவருக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான்.

"வயசுப் பிள்ளைகிட்ட இதை ஒருக்கா பேசிரணும்யா" என்பார். "அம்மைக்காரி வாயத் தொறந்தா கூட்டாளி முன்னால கூசிப்போவுதுவ. இதுவரைக்கும் நூலகத்துல கெழவங்களுக்குத்தான் சொல்லிருக்கேன். அவங்களுக்குச் சொல்லி என்னத்துக்கு? வாங்க வேண்டிய வசவையெல்லாம் வாங்கி முடிச்சவங்க."

ஊருக்கு வெளியே ஏற்றுமதிக்காரர் ஒருவர் கல்லூரி நடத்தினார். பக்கத்துக் காம்பவுண்டிலேயே அவருடைய பனியன் கம்பெனி. கம்பெனி மேனேஜர்தான் கல்லூரிக் காரியங்களையும் பார்த்துக்கொள்வார். முத்தமிழ் விழாவுக்கு அழைப்பிதழ் அடிக்க வந்தவர், "ஏனுங்ணா, நல்லாப் பேசற ஆளு யாராச்சும் இருக்கறாங்களா?" என்று கேட்டார். டீச்சரைச் சொன்னேன். "கூட்டீட்டு வாங்க. ஹால் ரொம்பப் புள்ளைங்க உக்காந்து கேக்கும்" என்றார். டீச்சர் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தார். முதல் நாள் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, பேச்சை அரை மணிக்கு அளவெடுத்த மாதிரி சொல்லிப் பார்த்தார்.

விழா மத்தியானம் இரண்டு மணிக்கு. சொன்னபடி ஹால் நிறையப் பிள்ளைகள். டீச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு. தாளாளரான ஏற்றுமதிக்காரர் வரவே மூன்றாகிவிட்டது. அதன் பிறகு ஆரம்பித்தது பொன்னாடை.

யாருக்கு? பேச வந்தவருக்கு ஒன்று. மீதியெல்லாம் தாளாளருக்கு. அவர் கையால் ஆர்டர் வாங்குகிறவர்கள் அத்தனை பேரும் மேடைக்குக் கீழே வரிசை கட்டி நின்றார்கள். நூல்காரர், நிட்டிங்காரர், சாயப்பட்டறைக்காரர், பிரிண்டிங்காரர், கடைசியில் அட்டைப்பெட்டிக்காரர். ஒரு பனியன் எப்படி உருவாகிறது என்று தெரியாதவர்கள் அன்றைக்கு அந்த மேடையைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கலாம். ஒவ்வொருவரும் போர்த்திவிட்டு, காமிராவைப் பார்த்துப் பல்லைக் காட்டி, படம் சரியாக விழுந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் இறங்கினார்கள். தாளாளர் முந்திரிப் பருப்பை மென்றபடியே ஒவ்வொன்றாகக் கழற்றி, பக்கத்தில் இருந்த டீச்சர் மடியில் போட்டார். "கொஞ்சம் வெச்சுக்குங்கம்மா" என்று ஒரு வார்த்தை. நடுவில் ஒரு சால்வையை எடுத்து வாயைத் துடைத்து, அதையும் அவர் மடியிலேயே போட்டார். சால்வைக் குவியலுக்கு மேலே டீச்சரின் கண்ணாடி மட்டும் தெரிந்தது.

நாலரைக்குக் கொஞ்சம் முன்னால் டீச்சரை அழைத்தார்கள். மடியிலிருந்ததை நாற்காலியில் இறக்கி வைத்துவிட்டு வந்து, மைக்கைப் பிடித்து, "பிள்ளைகளே" என்றார். வெளியே பஸ் ஹாரன் அடித்தது.

ஹாரன் அடித்தால் கிளம்பிவிட வேண்டும், அந்தக் கல்லூரியில் அது சட்டம். கல்லூரி பஸ்ஸும் கம்பெனி பஸ்ஸும் ஒரே பஸ். பிள்ளைகளை இறக்கிவிட்டு, ராத்திரி ஷிஃப்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். விட்டால் அடுத்த பஸ் கிடையாது. பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது. பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். கொஞ்ச நேரத்தில் டீச்சருக்கு முன்னால் வெறும் நாற்காலிகள்.

மேடைக்காரர்கள் போண்டா சாப்பிடப் போனார்கள். நான் டீச்சரை அழைத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். மேனேஜர் ஓடி வந்தார்.

"போயிராதீங்ணா! வீடியோக்காரர்கிட்டச் சால்வை மட்டுந்தான் இருக்குதாமா. பேசறது ஒண்ணு எடுத்தே ஆகோணும். நாங்க காலேஜு நடத்தறதக் காட்ட, வெளிநாட்டுல சரக்கு வாங்கற பையருக்கு அனுப்பற சி.டி.ங்க. காலிச் சேரைக் காட்டுனா நல்லாவா இருக்கும்? நம்ம புள்ளைங்க வந்துருவாங்க, கொஞ்சம் இருங்க."

வந்தவர்கள் ஷிஃப்டுக்கு வந்த பெண்கள். கையில் டிபன் பாக்ஸ். பஸ்ஸிலிருந்து இறக்கி நேரே ஹாலுக்கு ஓட்டி வந்து உட்கார வைத்தார்கள். டிபன் பாக்ஸைச் சேருக்கு அடியில் மறைத்து வைக்கச் சொன்னார் வீடியோக்காரர்.

மேனேஜர் டீச்சரிடம், "மைக்கு வேண்டாமுங்க, அதைக் கழட்டியாச்சு. சும்மா வாயை அசைங்க போதும். மேல மியூசிக் போட்டுக்கறோம்" என்றார்.

"வாய அசைக்கவா? என்னத்தைப் பேசி அசைக்க?"

"எதுன்னாலும் பேசுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுங்களேன். வெள்ளைக்காரனுக்குத் தெரியவா போகுது?"

"டீச்சர், வாங்க போலாம்" என்று நான் கையைப் பிடித்தேன். அவர் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருய்யா. இதுவளும் வயசுப் பிள்ளைகதான?"

மைக் இல்லாத மேடையில், வகுப்பறைக் குரலை எடுத்தார். "ஏ தாயி, முன்னால இருக்கவ. உங்க அம்மை ஒன்னைக் கடைசியா என்ன சொல்லி வஞ்சா?"

அந்தப் பெண் நெளிந்தது. பக்கத்திலிருந்தவள் இடித்ததும் எழுந்தது. "லேட்டா எந்திரிச்சேன் டீச்சர். 'படுத்த பாய்க்கே வாக்கப்பட்டுட்டியாடி'ன்னு கேட்டுச்சு."

ஹாலே குலுங்கிச் சிரித்தது. டீச்சரும் சிரித்தார். "பாத்தியா? இதுல கோவம் எங்கட்டி இருக்கு? மகளுக்குக் கல்யாணம் ஆவலியேங்கிற கவலையும் அதுக்குள்ளயே கெடக்கு பாரு. வேற யாரு சொல்லுதா?" பின்வரிசையில் ஒரு பெண் கை தூக்கியது.

மேனேஜர் கைதட்டினார். "போதுங்க, போதுங்க. சிரிச்சது நல்லா வந்திருக்குது. ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு, எல்லாரும் எந்திரிங்க!" தூக்கிய கையோடு அந்தப் பெண் எழுந்து, டிபன் பாக்ஸைத் தேடி எடுத்துக்கொண்டு போனது.

சி.டி.க்கு மேலட்டை அடிக்கிற வேலையும் எனக்கே வந்தது. கடை கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். சால்வை, சால்வை, சால்வை. கடைசியில் டீச்சர் வாயசைக்கிறார், பெண்கள் சிரிக்கிறார்கள், மேலே புல்லாங்குழல் ஊதிக்கொண்டே இருக்கிறது. "கூட்டம் எப்படி ரசிக்குது பாருங்ணா! எங்க மொதலாளிக்கு ஒரே சந்தோசம்" என்றார் மேனேஜர். அந்த ஆளுக்கு டீ வாங்கிக் கொடுக்கக்கூட எனக்கு மனசு வரவில்லை.

ஊருக்குத் திரும்பியிருந்த டீச்சர் ஃபோன் செய்தார். "எய்யா, சி.டி. வந்துட்டா? அந்தப் பிள்ள பாயின்னு சொன்னது வெளங்குதா?"

"இல்லீங்க டீச்சர். மியூசிக் மட்டுந்தானுங்க கேக்குது."

"சிரிச்சது?"

"சிரிக்கறாங்க. சத்தம் இல்லீங்க."

இப்போது வைவார், வாயாரக் கேட்கலாம் என்று ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். "த்தூ" என்று ஒரு சத்தம் வந்தது. அப்புறம், "சரிய்யா, வச்சிருதேன்" என்றார்.

அத்தனை வசவு தெரிந்தவர், அதில் ஒன்றைக்கூட அந்த ஆட்களுக்குக் கொடுக்கவில்லை.