பேத்தியின் தலையில் இரண்டு கைகள்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். ஊரில் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எனக்குச் சொந்தமில்லாத ஒரு சமயத்தைப் பற்றி எழுத வந்ததை வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோ என்ற ஊரில் முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிப்பது என் வேலை. வன்னியில் போர் முடிந்துகொண்டிருந்த மே மாதத்தில், ஒரு யூதப் பெரியவரிடம் மாலைகளில் போவேன். பக்கவாதத்தில் அவருடைய வலது கை விழுந்திருந்தது. வெள்ளி மாலை மெழுகுதிரி ஏற்றியபின் பேரப்பிள்ளையின் தலையில் இரு கைகளையும் வைத்து ஆசி சொல்வது அவர்கள் வழக்கம். ஓகூஸ் நகரில் படித்துக்கொண்டிருந்த ஒரே பேத்தி, தனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, இனி அது வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டாளாம். அதன்பிறகு அவள் வரவேயில்லை. தன்னோடு அந்த வழக்கமெல்லாம் முடிந்துவிடும் என்று அவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்.

ஒரு வெள்ளி மாலை பேத்தி வந்தாள். மேலங்கியைக் கழற்றாமல் கதவடியில் நின்றாள். வெளியே இன்னும் வெயில். நான் எடுத்துக் கொடுக்க, அவர் இடக்கையால் மெழுகுதிரிகளை ஏற்றினார்.

“நம்பாமல் குனிஞ்சால் அது பொய்தானே, அப்பப்பா?”

“நம்பிறியோ எண்டு நான் கேக்கேல்லை. குனி எண்டுதான் கேட்டனான்.”

“கை விழுந்தும் உங்கட பிடிவாதம் விழேல்லை” என்றபடி வந்து, நாற்காலியின் முன் முழந்தாளிட்டாள்.

இடக்கை எழுந்தது. வலக்கை எழவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் தயங்கினேன். நெற்றியில் திருநீற்றோடு நிற்கும் அந்நியப் பெண் நான். தொடலாமா என்று கேட்டேன்.

“பாரத்தை நீ தூக்கு. சொல்லுறது நான்.”

மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி அவள் தலையில் வைத்துத் தாங்கினேன். அவர் எபிரேயத்தில் மெதுவாகச் சொன்னார். அவளுடைய முடி என் விரல்களிலும் பட்டது. சொல்லி முடித்த பிறகும் அவள் எழும்பவில்லை.

சிறு வயதில் நாஜிகளிடமிருந்து படகில் சுவீடனுக்குத் தப்பிப் போனவர் அவர். அந்தப் போர் முடிந்து திரும்பி வந்த கிழமை, தன் அப்பப்பாவும் இப்படித்தான் கை வைத்தார் என்றும், அந்தக் கையும் கனத்தது என்றும் பேத்திக்குச் சொன்னார். பிறகு வன்னியிலிருந்த என் அம்மாவைப் பற்றி விசாரித்தார். ஒரு செய்தியும் இல்லை என்றேன்.

அடுத்த நாள் வேறொருத்தி அங்கே வேலைக்குப் போனாள். பேத்தி இரவு அங்கேயே தங்கியிருந்தாள் என்றும், பெரியவர் காலையில் இரண்டு துண்டு பாண் சாப்பிட்டார் என்றும் சொன்னாள். எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து போன் வரவில்லை.