சொங் அதிகாரியைப் பற்றி நான் பேசாத மாலை

மாவட்டச் செயலகமான கச்சேரியில் உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றி, எவருடைய விரலும் என்னை நோக்கி நீளாமல் ஓய்வு பெற்றவன் நான். பல்கலைக்கழகத்தில் கற்றது சீன வரலாறு. மகனுடன் வாழ, நாடு விட்டு, பேர்ண் நகரின் பூம்ப்ளிஸுக்கு வந்த பின்னரும் நம்மவர் அந்த மதிப்பைக் குறைக்கவில்லை. ஆகவே, சொங் பேரரசின் அதிகாரிகளைப் பற்றித் திருவிழாவில் உரையாற்றும்படி கோயிலார் கேட்டதில் எனக்கு வியப்பில்லை.

சொங் அதிகாரி சொந்த ஊரில் பதவி வகிக்க இயலாது. சில ஆண்டுகளுக்கொருமுறை வேற்றூருக்கு மாற்றப்படுவான். தாயோ தந்தையோ இறந்தால் பதவியை விட்டு வீடு சென்று துக்கம் காக்க வேண்டும். பதவி ஆசையால் இறப்பை மறைத்தவனுக்குத் தண்டனை உண்டு. அப்படி மறைத்த ஒருவனைக் கண்டித்தே உரையை முடிக்க எண்ணியிருந்தேன்.

உரைக்கு முதல்நாள், கனடாவில் என் பெரியப்பாவின் மகன் காலமானார். எங்கள் குடும்பத்தார்க்கு இறப்புத் துடக்கு, அதாவது தீட்டு. முப்பத்தோராம் நாள் கழியும்வரை கோயிலுக்குள் கால் வைக்கலாகாது. திருவிழாவை நடத்திய கோயில் செயலாளரோ என் சித்தப்பாவின் மகன். செய்தி எங்கள் இரு வீடுகளுக்கு மட்டுமே வந்திருந்தது. அவர் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணை, கனடாவில செத்தவருக்குப் பேர்ணில துடக்கோ?"

"துடக்குக்கு விசா தேவையில்லை, தம்பி."

"ஆருக்குத் தெரியப் போகுது? வந்து பேசிப்போட்டுப் போங்கோ. நீங்கள் வாய் திறந்தால் நானும் வெளியில நிக்கோணும். பிறகு திருவிழாவை ஆர் நடத்திறது?"

இறப்பை மறைத்தவனைப் பழிப்பதற்கு, இறப்பை மறைத்துக்கொண்டு மேடையேறுவதா? மறுத்துவிட்டேன். ஆயினும் சித்தப்பாவின் பிள்ளையைச் சபையில் காட்டிக் கொடுக்க மனம் இடந்தரவில்லை.

மறுநாள் மாலை, எனக்குக் கடும் காய்ச்சல் என்று அவர் ஒலிவாங்கியில் அறிவித்தார். அத்துடன் நான் அடைபட்டேன். வெளியே நடமாடினால் அவர் பொய்யராவார். உள்ளே கிடந்தால் நான் நோயாளி. சன்னலருகே நின்று, ட்ராமில் ஏறி இறங்குவோரைப் பார்த்தபடி பொழுது போக்கினேன். தெரிந்த முகம் கண்டால் திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.

மேல்மாடிப் பெண்மணி கொத்தமல்லி அவித்த தண்ணீர் கொண்டு வந்தார்.

"குடியுங்கோ ஐயா. சீனாக்காரரைப் படிச்சுப் படிச்சு மண்டை சூடேறிப் போச்சாம். பயக் காய்ச்சலெண்டும் சிலபேர் கதைக்கினம்."

முழுவதையும் குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தேன்.

செயலாளர் இப்போது பதவியில் இல்லை. எனவே இதை எழுதத் தடையில்லை. எனக்குக் காய்ச்சல் இருக்கவில்லை. சபைக்கு நான் அஞ்சவுமில்லை. உரை முழுமையாக ஆயத்தமாக இருந்தது. எனக்குத் துடக்கு, அவருக்கும் துடக்கு.