பாரிஸிலிருந்து வந்த திராட்சை சார்ட்

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். எங்கள் கரஸ்பாண்டென்ட் கோடை விடுமுறைக்குப் பாரிஸ் போனவர், அங்கே ஏதோ சந்தையில் பழைய பிரெஞ்சுப் பள்ளிக்கூட சார்ட்டுகள் மூன்றை வாங்கிவந்தார். கனத்த அட்டை, தொங்கவிட மேலே பித்தளை வளையம். ஒன்றில் கோதுமை ரொட்டியாகிறது. இன்னொன்றில் பால் வெண்ணெயாகிறது. மூன்றாவதில் ஆண்கள் பெரிய தொட்டிக்குள் இறங்கித் திராட்சையை மிதிக்கிறார்கள். படங்கள் அழகுதான். அந்த மாட்டின் கண்ணை வரைந்தவனுக்கு மாடு தெரிந்திருந்தது. வாங்கியவருக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

"உணவு உற்பத்தி பாடத்துக்கு இனிமே இதான் மிஸ். இன்டர்நேஷனல் லெவல்ல இருக்கணும்," என்றார். பிள்ளைகள் வரைந்து ஒட்டியிருந்த நெல் படங்களைத் தன் கையாலேயே கிழித்து இடம் பண்ணினார்.

"எழுத்தெல்லாம் பிரெஞ்சுல இருக்கே சார்?"

"படத்தைப் பாத்தா புரியாதா?"

பெற்றோர் கூட்டத்தன்று சார்ட்டுகளுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி நின்றார். ஓர் அம்மா கேட்டார்: "இது என்ன சார், கால்ல மிதிக்கிறாங்க?"

"கிரேப் ஜூஸ் மேடம். அந்தக் காலத்துல மிக்ஸி ஏது?" சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

கல்லூரியில் பிரெஞ்சு நடத்தும் ஓர் அப்பா குனிந்து அடியில் இருந்ததைப் படித்தார். "சார், வைன்னு போட்டிருக்கு. பீப்பாயில புளிக்க வைக்கிற வரைக்கும் விவரமா இருக்கு. மூணாங்கிளாஸுக்கா இது?"

அம்மாக்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கரஸ்பாண்டென்ட் என் பக்கம் திரும்பினார்.

"என்ன மிஸ், இதையெல்லாம் பாத்து மாட்ட மாட்டீங்களா?"

கூசாமல் சொன்னார். பள்ளியைக் கட்டி ஆள்கிற மனிதர், ஒரு படத்துக்குப் பயந்து என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அதுவரை அவர்மேல் எனக்குக் கொஞ்சம் பயம் இருந்தது. அந்த நிமிடமே அது போய்விட்டது.

"நீங்கதான் நின்னு மாட்ட வச்சீங்க சார்," என்றேன். எல்லோருக்கும் கேட்டது.

திங்கட்கிழமை அந்த சார்ட் வகுப்பில் இல்லை. அவருடைய ஏசி அறையில், நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தது. விருந்தாளிகளிடம், "பாரிஸ்ல புடிச்சேன், வைன் செய்ற படம்," என்று பெருமையாகச் சொல்கிறார். அங்கே அது ஜூஸ் இல்லை.

அடுத்த கல்வியாண்டில் என்னை யுகேஜிக்குத் தள்ளினார். தண்டனையாம். குழந்தைகள் என் மடியில் தூங்குகிறார்கள். வராந்தாவில் அவர் எதிரே வந்தால் போனைப் பார்த்தபடி கடந்துபோகிறார். ஒதுங்கி நின்று குட்மார்னிங் சொல்லும் வேலை இனி எனக்கு இல்லை.