கரண்டிச் சத்தம்

கனகராயன்குளத்தில் மழை தூறியதும் சூடான தாரின் மணம் எழுந்தது. வாகனங்களின் வேகத்தை அளக்க வீதியோரம் நின்ற என்னை, அந்த மணம் ஜெயபுரத்துக்குக் கொண்டுபோனது.

அப்பா என்னை மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடம் கூட்டிப்போவார். அதில் வேகம் காட்டும் முள் உடைந்திருந்தது. என் தகரச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் கிடந்த கரண்டிதான் அவருக்கு மீற்றர். கிரவல் மண் வீதியின் குழிகளில் அது கிலுங்கினால், "கரண்டி கத்துது, பிள்ளை" என்று வேகத்தைக் குறைப்பார். மழை நாளில் குழிகள் தண்ணீருக்குள் மறைந்துவிடும். நடந்து போகிறவர்கள்கூட எங்களை முந்துவார்கள்.

பிறகு அந்த வீதிக்கு வழுவழுவென்று தார்க் காபெற் போட்டார்கள். முதல் நாளே காற்றில் எனக்குக் கண் திறக்க முடியவில்லை.

"மெல்லப் போங்கோ அப்பா!"

"கரண்டி சத்தமே போடேல்லை. பிறகென்ன பயம்?" என்று சிரித்தார்.

அடுத்த கிழமை மழை பெய்தது. என்னை இறக்கிவிட்டுத் திரும்பியவர், ஈர வளைவில் சறுக்கி விழுந்தார். வீடு வந்து சேரவில்லை. கரண்டி என் பையில் இருந்தது. அவரோடு இருந்திருந்தாலும் அது சத்தம் போட்டிருக்காது.

"மிஸ், மழை எண்டு போட்டிட்டன். வாகனங்களின்ர வேகம் குறையேல்லை எண்டும் போட்டிட்டன்" என்றார், வீதியோரம் என் பக்கத்தில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த உதவியாளர். "வீதியின்ர நிலை?"

"மிக நல்லம் எண்டு போடுங்கோ" என்றேன்.