முந்திரி ரிப்போர்ட்டின் கடைசி வரி

துறைமுகத்தில் இறங்கும் சரக்கு சேதமாகியிருக்கிறதா என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. சொல்லும்போது பெரிதாகத் தெரியும். பார்த்தால், வெயிலில் கன்டெய்னர் கதவைத் திறந்து மூக்கை உள்ளே நீட்டுகிற பிழைப்பு.

அந்த முறை வந்தது ஆப்பிரிக்கப் பச்சை முந்திரிக்கொட்டை, கொல்லத்து ஆலைக்குப் போகிற சரக்கு. கன்டெய்னருக்கு ஒரு அட்டவணை வீதம், எந்த மூட்டை நனைந்திருக்கிறது, எதில் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று வேர்டில் அடித்துக் கொடுக்க வேண்டும். முந்திரி மூட்டை மகா கள்ளத்தனம் பிடித்தது. முதல் நாள் காய்ந்ததுபோல நடிக்கும். மறுநாள் பிரித்தால் உள்ளே ஈரம் இருக்கும். அப்படிப் பிந்தித் தெரிவதை எழுதுவதற்காகவே எங்கள் ஆபீஸில் ஒவ்வொரு அட்டவணையின் அடியிலும் ஒரு வரியைக் காலியாக விட்டுவைப்போம். யார் தொடங்கிய வழக்கம் என்று தெரியாது. நான் சேர்ந்த நாளிலேயே அது இருந்தது.

அந்தச் சமயம் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. எல்லா அட்டவணையும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம்: ஒரே எழுத்து, ஒரே கோடு, தலைப்புக்கு நீல நிறம். திருநெல்வேலியில் ஓர் ஆடிட்டரிடம் இருந்துவிட்டு எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருந்த பெண், அதற்கு மேக்ரோ போட்டுவிட்டதாகச் சொன்னாள். ஓர் அட்டவணையை அவள் சரிசெய்யும்போது கம்ப்யூட்டர் அதைப் பார்த்துப் பதிந்துகொள்ளுமாம். பிறகு மற்ற அட்டவணைகளில் ஒரு பட்டனைத் தட்டினால் அதுவே அத்தனையையும் திரும்பச் செய்துவிடுமாம். எனக்குப் பாதிதான் விளங்கியது. தலையை மட்டும் முழுசாக ஆட்டினேன்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். ரிப்போர்ட்டின் முன்பக்கச் சுருக்கத்தில் ஒரு கன்டெய்னரில் பூஞ்சை பிடித்த மூட்டைகள் இருப்பதாக எழுதியிருக்கிறேன், அதற்கான அட்டவணையில் அப்படி எதுவுமே இல்லை, எது சரி என்று கேட்டார். அட்டவணையிலும் எழுதினேனே என்றேன். திறந்து காட்டினார். இல்லை. கடைசி வரியில் நானே உட்கார்ந்து அடித்தது நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த மூட்டையைக் கிளறிய நாற்றம்கூட ஞாபகம் இருந்தது. சரி, சேமிக்காமல் மூடியிருப்பேன் என்று என்னையே திட்டிக்கொண்டு மறுபடி ஒரு வரி சேர்த்து அடித்தேன். இந்த முறை சேமித்தும் வைத்தேன்.

மறுநாள் அதுவும் இல்லை.

மேனேஜர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாக, "அண்ணாச்சி, ஒடம்புக்கு ஏதும் சொகமில்லியா?" என்று கேட்டார். அதில்தான் நான் பயந்துபோனேன்.

என் அப்பாவுக்கு மறதி வந்தது இப்படித்தான். காலையில் வாங்கின சாளை மீனையே சாயங்காலமும் வாங்கிக்கொண்டு வந்து, காலையில் வாங்கவே இல்லை என்று சண்டை போடுவார். கடைசியில் என்னையே யாரென்று கேட்டார். அப்போது அவருக்கு இருந்த வயதை நான் நெருங்கிக்கொண்டிருந்தேன். எனக்கும் வந்துவிட்டதா என்ற பயத்தை மனைவியிடம்கூடச் சொல்ல நாக்கு எழவில்லை. பைக்கில் போகும்போது எனக்கு நானே பரீட்சை வைத்துக்கொண்டேன். திருச்செந்தூர் பஸ் நிற்கிற ஊர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். முத்தையாபுரம், பழையகாயல் வரை சரளமாக வந்தது. அடுத்து முக்காணியா ஆத்தூரா என்பதில் மாட்டிக்கொண்டு வண்டியையே ஓரமாக நிறுத்திவிட்டேன். பிறந்ததிலிருந்து போய்வருகிற ரோடு அது.

அடுத்த நாள் காலையில் மூன்றாவது முறையாக அந்த வரியை அடித்தேன். அடித்த கையோடு அந்தப் பெண்ணிடம் போய், என் கண் முன்னாலேயே பிரின்ட் எடுத்துக் கொடு என்றேன். அவள் திரையைப் பார்த்தாள். நான் புதிதாகச் சேர்த்த வரியில் எழுத்து வேறு மாதிரி இருந்ததால், வழக்கம்போல அட்டவணைக்குள் கர்சரை வைத்துப் பட்டனைத் தட்டினாள். அட்டவணை ஒரு தடவை குலுங்கியது. என் வரியைக் காணோம்.

"ஏம்மா, அங்கன ஒரு வரி இருந்துச்சே?"

"அது காலி வரில்லா அண்ணாச்சி. பாக்க நல்லா இல்லன்னு மொத டேபிள்லயே அழிச்சேன். அப்ப ரெக்கார்டு ஓடிட்டு இருந்துச்சு..." என்றவள் அப்படியே நிறுத்தினாள்.

அவள் அழித்ததையும் சேர்த்து மேக்ரோ பதிந்து வைத்திருந்திருக்கிறது. தட்டிய ஒவ்வொரு தடவையும் அந்த அட்டவணையின் கடைசி வரியை அழித்திருக்கிறது. மற்ற அட்டவணைகளில் அந்த வரி காலியாகவே கிடந்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாள். எனக்கோ அவளுக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம் போல இருந்தது. மேனேஜரைக் கூட்டிவந்து இன்னொரு தடவை அழித்துக் காட்டச் சொன்னேன். அவரும் சிரித்தார். அன்றைக்கு எல்லோருக்கும் என் செலவில் டீயும் மக்ரூனும் வாங்கினேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும், பையைக்கூட இறக்காமல், மனைவியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். காலி வரி, மேக்ரோ, அப்பாவை நினைத்துப் பயந்தது, பைக்கை நிறுத்தியது எதையும் விடவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத மத்தியானமே போன்ல சொல்லிட்டியளே" என்றாள்.

நான் பேசவே இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு சிரித்துவிட்டு, சந்தோஷத்தில் இரண்டு தடவை சொல்லிவிட்டேன் போலிருக்கிறது என்றேன். "ஆமா, சந்தோசத்துலதான்" என்று அவள் உடனே ஒப்புக்கொண்டு டீ போட எழுந்து போனாள்.

நான் போனை எடுத்துப் பார்த்தேன். மத்தியானம் அவளுக்குப் போட்ட கால் அதில் இருந்தது. ரொம்ப நேரம் பேசியிருக்கிறேன்.